பாட்டுக்கு அழலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சோகப் பாட்டுகளைப் பற்றிப் போன இதழில் நான் நாலு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் மேஜையில் ஒரு கட்டாக இருக்கின்றன. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு, பாட்டு பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி: அம்மாவைப் பற்றிய சினிமாப் பாட்டு எங்கே ஓடினாலும் எனக்குக் கண் கலங்கிவிடும். கல்லூரியில் படிக்கும் என் மகன், "இது சும்மா சென்டிமென்ட்மா, இதுக்குப் போய் அழுறியே" என்கிறான். என் ரசனை அவ்வளவு மட்டமா?

இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம்.

உங்கள் மகன் சொன்ன அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்டிமென்ட் என்பதை நாம் எப்போதோ வீட்டுச் சொல்லாக்கிவிட்டோம். அம்மா சென்டிமென்ட், தங்கச்சி சென்டிமென்ட் என்று சினிமாவில் சொல்வது ஒரு பக்கம். "சென்டிமென்ட்டா அந்தக் கடையிலதான் முகூர்த்தப் புடவை எடுப்போம்", "கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிடாதே, சென்டிமென்ட்டா எனக்கு ஆகாது" என்று சொல்வது இன்னொரு பக்கம். பாசத்துக்கும் சகுனத்துக்கும் ஒரே சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். புத்தி 'இதில் ஒன்றுமில்லை' என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் உடம்பு கேட்காமல் அசைந்துகொடுக்கிற இடங்கள் இவை. அசைகிறது என்பதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

உங்கள் மகனுக்கு எரிச்சல் தருவது என்ன என்று எனக்குப் புரிகிறது. அதே பத்து மாதம், அதே தொட்டில், அதே நிலாச்சோறு, எல்லாம் அரைத்த மாவு என்று நினைக்கிறான். அரைத்த மாவுதான். ஆனால் ஒப்பாரியை யோசித்துப் பாருங்கள். பொன், முத்து, பவளம், தேர், மாளிகை என்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த உவமைகள், ஒரே மெட்டு, அடி முடியும்போது ஒரே இழுப்பு. புதுக் கற்பனை வேண்டும் என்று யாரும் அங்கே போவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த அந்த அடிகளுக்கு நடுவில் ஒரு பெண் தன்னுடையதைக் கோத்துவிடுவாள்: அண்ணன் சீர் கொண்டுவராதது, பசித்துப் படுத்த ராத்திரி, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு வருத்தம்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும், இறந்தவர் யாராக இருந்தாலும், மூன்றாவது நாலாவது அடியிலேயே அவர் பாட்டு, பாம்பு கடித்து இறந்துபோன தன் பத்து வயது மகனிடம் போய்விடும். கூட உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அது தெரியும். யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை. அந்த இடம் வந்ததும் அவர் தோளில் கையைப் போட்டுச் சேர்த்து இழுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். துக்கம் அடுத்த வீட்டுடையது, மெட்டு ஊருடையது, அழுகை அவருடையது.

'கூலிக்கு மாரடிப்பது' என்று ஒரு பேச்சு நம்மிடம் இருக்கிறது. மனசில்லாமல் செய்யும் வேலையைத் திட்டுவதற்கு அதைச் சொல்கிறோம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு மாரடிக்க வந்தவளுக்கும் சொந்தமாக ஓர் இழவு இருந்திருக்கும். சினிமாப் பாட்டும் கூலிக்குத்தான் எழுதப்படுகிறது, கூலிக்குத்தான் பாடப்படுகிறது. 1961-ல் வந்த பாசமலர் படத்தின் தாலாட்டு, கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையமைத்து, டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் சம்பளத்துக்குப் பாடியதுதான். அறுபது வருடம் தாண்டியும் அதைக் கேட்டு, பேச்சு நின்றுபோன அண்ணனை நினைத்து ஒரு தங்கை அழுகிறாள் என்றால், அந்த ஐந்து பேர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நாலு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மைத் தாழ்வாக நடத்துவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தளர்வது, இல்லாமை. அம்மா பாட்டைக் கேட்கும்போது உங்களுக்குள் இந்த நாலில் எது அசைகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். மகனுக்கு இன்னும் தெரியாது. அவனிடம் ஒருநாள் சொல்லுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: அப்படியானால் மோசமான சோகப் பாட்டு என்று ஒன்றுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. கேட்பவனுக்கு முன்னால் பாடுபவரே அழுது முடித்துவிடுகிற பாட்டு எனக்கு ஆகாது. முதல் வரியிலேயே தொண்டை அடைக்கிறது, இரண்டாவது வரியில் இருபது வயலின் ஏறுகிறது, மூன்றாவதில் கோரஸ் வந்து நம் சட்டையைப் பிடித்து 'அழு' என்கிறது. நமக்கென்று அங்கே வேலையே இல்லை. நம்முடைய இழவைக் கொண்டுபோய் வைப்பதற்கு அந்தப் பாட்டில் ஒரு மூலைகூடக் காலியாக இல்லை.

மூன்றாம் பிறை படத்தில் யேசுதாஸ் பாடிய 'கண்ணே கலைமானே'யைப் போட்டுக் கேளுங்கள். சரணத்தில் மெட்டு மேலே போகும்போதுகூட அவர் குரலைத் தடிக்கவிடுவதில்லை. பக்கத்தில் அரைத்தூக்கத்தில் ஒருவர் படுத்திருக்கிறார், எழுப்பிவிடக் கூடாது என்கிற கவனம் கடைசி வரைக்கும் இருக்கிறது. கதையில் நடக்கப்போகும் பிரிவைப் பற்றி அந்தக் குரல் நம்மிடம் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை, தூங்கவைப்பது மட்டும்தான் அதன் வேலை. கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு அது. 1981 அக்டோபரில் சிகாகோவில் அவர் காலமானார், படம் 1982 பிப்ரவரியில் வெளிவந்தது. தியேட்டர் இருட்டில் அதைக் கேட்டவர்கள், நாலு மாதம் முன்னால் போய்விட்ட ஒருவர் எழுதிவைத்த தாலாட்டைக் கேட்டார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பாட்டில் ஒரு குளிர் சேர்ந்துவிடுகிறது. எனக்கு இன்றைக்கும் அப்படித்தான்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்ற என் பெரியப்பா, சினிமாப் பாட்டு கேட்டால் ரசனை கெட்டுவிடும் என்பார். ரசனையில் மேல் கீழ் உண்டா?

உங்கள் பெரியப்பாவுக்குக் கேட்கிற கமகம் எனக்குக் கேட்காது. அதை மதிக்கிறேன். அவர் அறுபது வருடம் காதைப் பழக்கியிருக்கிறார். ஆனால் 'ரசனை கெட்டுவிடும்' என்ற பயத்தை வைத்து ஒரு அரசாங்கமே நடந்துபார்த்த கதை நம் நாட்டில் உண்டு. 1952-ல் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்ததும், சாஸ்திரிய சங்கீதத்தை மக்கள் காதுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைச் சுருக்கினார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்கு வைத்துக்கொண்டார்கள். தென்மாவட்டங்களில் எங்கள் அப்பா தலைமுறைக்குப் பாட்டு என்றாலே இலங்கை வானொலிதான். கடைசியில் 1957-ல் அகில இந்திய வானொலியின் விவித் பாரதி ஒலிபரப்பு வந்தது, சினிமாப் பாட்டும் திரும்பி வந்தது.

சோகத்துக்கான ராகம், சோகத்துக்கான வாத்தியம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி பழக்கம்தான். ஷெனாய் வடக்கே கல்யாண வீட்டு மங்கல வாத்தியம், நமக்கு நாதஸ்வரம் எப்படியோ அப்படி. நம் சினிமா அதை எடுத்து மரணக் காட்சியில் வைத்து வைத்து, இப்போது ஷெனாய் கேட்டாலே யாரோ போய்விட்டார்கள் என்று தோன்றுகிறது. முகாரியும் அப்படித்தான். புலம்புகிறவனை 'முகாரி பாடாதே' என்கிறோம், ஆனால் சபரியின் பாக்கியத்தை என்னவென்று வர்ணிப்பேன் என்று வியக்கும் தியாகராஜர் கீர்த்தனை அதே முகாரியில்தான் இருக்கிறது. பெரியப்பாவிடம் அதைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். அவருக்கு உங்களைக் காட்டிலும் சந்தோஷமாக இருக்கும்.

சிவகங்கையிலிருந்து ஒரு வாசகர்: சாவு வீட்டில் மைக் செட் கட்டி சினிமாப் பாட்டு போடுவது சரியா?

பக்கத்தில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம். மற்றபடி எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1962-ல் பாத காணிக்கை படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடிய 'வீடு வரை உறவு' எத்தனை ஊரில், எத்தனை பந்தலில் ஒலித்திருக்கும். படத்தின் பெயர்கூடத் தெரியாதவர்களுக்கும் அந்தப் பாட்டு தெரியும். குழாய் ஸ்பீக்கரில் அது ஒலித்தால் தெருமுனையில் சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். ஒரு பாட்டுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இருக்கிறதா?

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்: ராத்திரி தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது 'நெஞ்சம் மறப்பதில்லை' கேட்டால் முதுகு சில்லிட்டுப்போகிறது. அது காதல் பாட்டுதானே, ஏன் இப்படி?

நீங்கள் மட்டும் இல்லை, எனக்கும் அப்படித்தான். 1963-ல் ஸ்ரீதர் எடுத்த அந்தப் படம் முற்பிறவிக் கதை. ஆனால் கதையே தெரியாதவருக்கும் அந்தப் பாட்டு கேட்டால் ஏதோ செய்கிறது. காரணம் சுசீலா அம்மாவின் ஹம்மிங் என்று நினைக்கிறேன். சொல் இருந்தால் நம்மோடு ஒருவர் பேசுகிறார் என்று மனசு சமாதானமாகிவிடும். ஹம்மிங்கில் சொல் கிடையாது. யாரை நோக்கி, எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. பழகிய இனிமை, அதுவே ஆள் இல்லாத இடத்திலிருந்து வருகிறது.

இந்த வகைப் பாட்டுக்கெல்லாம் முன்னோடி என்று 1949-ல் வந்த மஹல் என்ற இந்திப் படத்தின் பாட்டைச் சொல்லலாம். கேம்சந்த் பிரகாஷ் இசை, இருபது வயது லதா மங்கேஷ்கர் பாடியது. தூரத்தில் கேட்கும் ஆவிக் குரல் மெல்ல நெருங்கி வர வேண்டும். இன்றைக்கு ஒரு பொத்தானைத் திருகினால் அது நடந்துவிடும், அன்றைக்கு அந்த வசதி இல்லை. அறையின் மூலையிலிருந்து பாடிக்கொண்டே மைக்கை நோக்கி நடந்து வந்ததாக லதா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதாவது அந்த ஆவி உண்மையாகவே நடந்தது, ஒரு இளம்பெண்ணின் காலால். நம் ஊரில் 1966-ல் 'யார் நீ' படத்துக்கு வேதா இசையில் சுசீலா அம்மா பாடியதும் இந்தப் பரம்பரைதான்.

மஹல் பற்றி இன்னொரு சேதி. இசைத்தட்டில் பாடியவர் பெயராகப் போட்டிருந்தது 'காமினி', படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். பாட்டைக் கேட்டவர்கள் யார் இந்தப் பெண் என்று வானொலி நிலையத்துக்கு எழுதிக் கேட்ட பிறகுதான் லதாவின் பெயர் வெளியே வந்தது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலில் தேவைப்படும்.

இந்தச் சில்லிப்புக்குத் தமிழில் 'அமானுஷ்யம்' என்கிறோம். எனக்கு அதைவிடப் பழைய சொல்லான 'அணங்கு' பிடிக்கும். தொல்காப்பியம் அச்சத்துக்குச் சொல்லும் நாலு காரணங்களில் முதலில் நிற்பது அணங்கு. வள்ளுவர் காமத்துப்பாலைத் தொடங்குவதே, இவள் அணங்கா, மயிலா, பெண்தானா என்று நெஞ்சு மயங்குவதில்தான். 1919-ல் உளவியல் அறிஞர் பிராய்ட் இந்த உணர்ச்சியைப் பற்றி எழுதிய கட்டுரையில், நமக்குப் பழக்கமான ஒன்றே அந்நியமாகித் திரும்பி வரும்போது ஏற்படும் கலக்கம் என்றார். அந்நியமானது வேறெங்கிருந்தோ வந்தால் வெறும் பயம். வீட்டுக்குள்ளிருந்தே வந்தால்தான் முதுகு சில்லிடும்.

கோவையிலிருந்து ஒரு வாசகி: 'லால் சலாம்' படப் பாட்டில் இறந்துபோன இரண்டு பாடகர்களைச் செயற்கை நுண்ணறிவு வைத்துப் பாட வைத்திருந்தார்கள். எனக்குச் சந்தோஷமா, பயமா என்றே தெரியவில்லை. நீங்கள் எந்தப் பக்கம்?

எனக்கும் இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஷாகுல் ஹமீது என்றால் எனக்கு 1993-ல் திருடா திருடாவில் வந்த 'ராசாத்தி'தான். வாத்தியம் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. பின்னால் பல குரல்களின் ஹம்மிங், முன்னால் அவர் ஒருவர். ஒரு பாடகர் ஒளிந்துகொள்ள இடமே இல்லாத பாட்டு அது. 1997-ல் விபத்தில் போய்விட்டார். பம்பா பாக்யாவின் அந்தக் கிணற்றடிக் குரலை 2018-ல் 2.0 படத்தின் 'புள்ளினங்காள்' பாட்டில் கேட்டுத் திகைத்தோம், 2022 செப்டம்பரில் அவரும் போய்விட்டார். 2024 ஜனவரியில் இருவர் குரலும் புதுப் பாட்டில் வந்தன. குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய சன்மானமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரஹ்மான் வெளிப்படையாகச் சொன்னார். அது பெரிய விஷயம். எல்லோரும் அப்படி நடந்துகொள்வதில்லை. எஸ்.பி.பி.யின் குரலைக் கேட்காமல் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அதே மாதம் அவர் மகன் சரண் தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. உயிரோடிருக்கிற இந்திப் பாடகர் அரிஜித் சிங்கே தன் குரலைக் காப்பாற்றிக்கொள்ள மும்பை உயர் நீதிமன்றம் போய் 2024 ஜூலையில் இடைக்கால உத்தரவு வாங்க வேண்டியிருந்தது.

சரி, அனுமதியும் சன்மானமும் சரியாக இருந்தால் கலக்கம் போய்விடுகிறதா? எனக்குப் போகவில்லை. ஏன் என்று யோசித்தேன். பெரும்பாலும் இந்த வேலை நடப்பது இப்படி. உயிரோடிருக்கும் ஒருவர் முதலில் பாட்டை முழுசாகப் பாடிவிடுகிறார். இறந்தவரின் பழைய பதிவுகளில் பழகிய கணினி, பாடியவரின் குரல் நிறத்தை எடுத்துவிட்டு இறந்தவரின் நிறத்தைப் பூசுகிறது. எங்கே மூச்சு எடுத்தார், எந்தச் சொல்லைத் தாமதமாக விட்டார், எந்தச் சங்கதியில் லேசாக வழுக்கினார் என்பதெல்லாம் முதலில் பாடியவருடையது. நான் கேட்பது ஷாகுல் ஹமீதின் தொண்டை, வேறொருவரின் மூச்சு. அந்த இணைப்பைக் காது கண்டுபிடித்துவிடுகிறது, வாயால் சொல்லத்தான் தெரிவதில்லை.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் சாமியாடி மேல் இறந்த பெரியவர் வந்து பேசுவது உண்டு. "ஏலே, என்னை மறந்துட்டியேலே" என்று அந்தக் குரல் கேட்கும்போது வீட்டுப் பெண்கள் கதறிவிடுவார்கள். அந்த உடம்பு பக்கத்து வீட்டு மாமாவுடையது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே அழுவோம், தெரிந்தே பயப்படுவோம். ஆட்டம் இறங்கியதும் அவர் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி மாமாவாகத் திண்ணையில் உட்காருவார். நாங்கள் அவருக்கு விசிறிவிடுவோம். அந்த விசிறிவிடும் நேரத்தில்தான் பயம் எங்களை விட்டுப் போகும்.

இந்தப் பாட்டுகளில் அந்த மாமாவைக் காணோம். எனக்குக் குறை அதுதான். சென்னை ஸ்டூடியோக்களில் டிராக் பாடுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் எப்போதும் உண்டு. பெரிய பாடகர் வருவதற்கு முன் முழுப் பாட்டையும் பாடி வைப்பார்கள், பிறகு அந்தக் குரலை அழித்துவிட்டுப் பெரியவர் பாடுவார். இப்போது பெரியவர் வரப்போவதே இல்லை, முன்னால் பாடியவரின் மூச்சுதான் கடைசி வரை பாட்டில் நிற்கிறது. அப்படியானால் அவர் பெயரையும் போடுங்கள். 'குரல் நிறம் இன்னார், பாடியவர் இன்னார்' என்று இரண்டு பெயரும் வரட்டும். 1949-ல் 'காமினி' என்று போட்டு லதாவை மறைத்தது மாதிரி இதையும் மறைக்க வேண்டாம்.

பாடகி பவதாரிணி விஷயம் எனக்கு இதைவிடக் கடினம். 2024 ஜனவரி 25-ல் அவர் இறந்தார். அதே ஆண்டு விஜய் நடித்து, பவதாரிணியின் தம்பி யுவன் சங்கர் ராஜா இசையமைத்த கோட் படத்தில் பவதாரிணியின் குரல் வந்தது. மெட்டுப் போடும்போதே யுவனுக்கு அக்காவின் ஞாபகம் வந்திருக்கிறது. உடம்பு தேறியதும் அக்காவைப் பாட வைக்கலாம் என்று யுவன் நினைத்திருக்கிறார், கொஞ்ச நேரத்தில் மரணச் செய்தி வந்திருக்கிறது. அதை அவரே எழுதினார். பாட்டில் பவதாரிணியோடு கேட்பது விஜய்யின் குரல். அந்தப் பாட்டைக் கேட்டு நான் அழுதேன். ஒரு தம்பி தன் வீட்டுத் துக்கத்துக்குத் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் காரியம் செய்திருக்கிறார், அதில் நான் குறை தேட மாட்டேன். ஆனால் அழுது முடித்து, 2000-ல் வந்த பாரதி படத்தில் அவர் பாடி தேசிய விருது வாங்கிய 'மயில் போல'வைப் போட்டேன். பள்ளிக்கூடப் பெண் ஊஞ்சலில் உட்கார்ந்து பாடுவதுபோல ஒரு கூச்சம் அந்தக் குரலில். அந்தக் கூச்சம் புதுப் பாட்டில் இல்லை. அன்றைக்கு மைக் முன்னால் நின்ற பெண்ணுக்கு வந்த கூச்சம் அது.

இறந்தவரோடு பாடுவது இன்று வந்ததல்ல. 1965-ல் இறந்த அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோலின் பழைய பதிவோடு அவர் மகள் நடாலி கோல் 1991-ல் சேர்ந்து பாடி வெளியிட்டார், அமெரிக்காவே கேட்டு உருகியது. 2023 நவம்பரில் பீட்டில்ஸ் குழுவின் 'கடைசிப் பாட்டு' வந்தது. 1970-களின் கடைசியில் அந்தக் குழுவின் மறைந்த பாடகர் ஜான் லெனன் வீட்டில் பியானோவோடு பாடி வைத்த கேசட்டிலிருந்து கணினியை வைத்துக் குரலைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். இரண்டிலும் அந்தந்த வரியை அந்தந்த மனிதர்தான் பாடினார். தூசி தட்டினார்கள், பக்கத்தில் நின்று பாடினார்கள். அதைக் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது, முதுகு சில்லிடுவதில்லை. இறந்தவர்களின் குரலைக் காப்பாற்றி வைக்கும் ஆசையோ ஒலிப்பதிவுக் கருவியோடு கூடவே பிறந்தது. 1877-ல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்த எடிசன், மறுவருடமே அதன் பயன்களைப் பட்டியல் போட்டபோது, சாகிறவர்களின் கடைசி வார்த்தைகளைப் பதிந்து வைப்பதையும் சேர்த்திருந்தார்.

ஓசூரிலிருந்து ஒரு வாசகர்: அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகளை என் தம்பி ஏதோ ஆப்பில் போட்டு, அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டை அப்பா பாடுவதுபோலச் செய்திருக்கிறான். அம்மாவின் பிறந்தநாளில் எல்லோர் முன்னாலும் போட வேண்டும் என்கிறான். போடலாமா?

எல்லோர் முன்னாலும், சொல்லாமல் கொள்ளாமல் போட வேண்டாம். தம்பி அன்பில்தான் செய்திருக்கிறார், அவரை ஒன்றும் சொல்லாதீர்கள். இப்படி ஒன்று இருக்கிறது என்று அம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள். கேட்பதா வேண்டாமா, எப்போது, யாரோடு என்பதை அவர் முடிவு செய்யட்டும். 'வேண்டாம்' என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருக்கிறது. 1986-ல் வளைகுடாவிலிருந்து வந்த மாமா டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தபோது, ஆச்சியைப் பிடித்து உட்கார வைத்துத் தாலாட்டுப் பாடச் சொன்னோம். இரண்டு கண்ணி பாடிவிட்டு நடுவில் நிறுத்தி, "ஏ, இது ஓடுதா, சும்மா சுத்துதா?" என்று கேட்பார். யாரோ சிரிப்பார்கள், பின்னால் கிணற்றில் வாளி இடிக்கிற சத்தம், அப்புறம் விட்ட இடத்திலிருந்து பாட்டு. ஆச்சி போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. குடும்பமாக உட்கார்ந்து கேட்கும்போது எல்லோரும் காத்திருப்பது அந்த ஒரு கேள்விக்குத்தான், அது வந்ததும் எங்கள் அம்மா முந்தானையை எடுத்துக்கொள்வார். டேப்பில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும் டிஜிட்டலாக மாற்றக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி, "சார், நடுவுல பேச்சு, சத்தம் எல்லாம் எடுத்துட்டுப் பாட்டை மட்டும் சுத்தமா குடுத்துரட்டுமா?" என்று அக்கறையாகத்தான் கேட்டார். வேண்டாம் தம்பி, ஒன்றையும் எடுக்காதீர்கள் என்று பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

உங்கள் அப்பாவின் செய்திகள் அந்த வாளிச் சத்தத்தோடு இருக்கும்போதே அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். போன் மாறும்போதும் தொலையும்போதும் இவைதான் முதலில் போகும். ஒவ்வொரு செய்தியையும் அழுத்திப் பிடித்து, தனிக் கோப்பாக வெளியே எடுத்து, ஒரு பிரதியைப் பென் டிரைவிலும் இன்னொன்றை உங்கள் மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். கோப்பின் பெயரில் தேதியையும், அன்றைக்கு எதற்காக அனுப்பினார் என்பதையும் எழுதுங்கள். 'வரும்போது பால் பாக்கெட் ரெண்டு' என்றால் அதையே எழுதுங்கள்.